குச்சி வளர்ந்த கதையும் பாலிகிராஃப் நாற்காலியும்

கேள்வி இது: "கலிஃபோர்னியாவில் இருக்கும் என் அக்கா மகன் அங்கே ஒரு நகரக் காவல் துறையில் சேர விண்ணப்பித்தான். எழுத்துத் தேர்வு, ஓட்டம், நேர்காணல் எல்லாம் தேறினான். கடைசியில் பாலிகிராஃபில் உட்காரவைத்து, போதைப்பொருள் பற்றிய கேள்விக்கு 'ஏமாற்றுவதற்கான அறிகுறி தெரிகிறது' என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பையன் சிகரெட் கூடத் தொட்டதில்லை. மெஷின் பொய் சொல்லுமா?"

மெஷின் பொய் சொல்லாது. உண்மையும் சொல்லாது. நெஞ்சிலும் வயிற்றிலும் சுற்றிய இரண்டு பட்டைகள் மூச்சை அளக்கும். டாக்டர் கட்டுவது போன்ற பிரஷர் பட்டை ரத்த அழுத்தத்தையும் நாடியையும் அளக்கும். விரல்களில் மாட்டிய தகடுகள் வியர்வையை அளக்கும். சில இடங்களில் உட்காரும் இருக்கையிலேயே அசைவைப் பிடிக்க ஒரு திண்டு வைத்திருப்பார்கள். இவ்வளவையும் திரையில் கோடுகளாக வரைந்து காட்டுவதோடு கருவியின் வேலை முடிந்தது. அந்தக் கோட்டைப் பார்த்து "ஏமாற்றுகிறான்" என்று எழுதுவது எதிரே இருக்கும் மனிதர்.

நம் பத்திரிகைகள் இதை 'உண்மை கண்டறியும் சோதனை' என்று எழுதுகின்றன. திருச்சி ராமஜெயம் கொலை வழக்கில் 2023இல் பலருக்கு இந்தச் சோதனை நடந்தபோது தினமும் அந்தப் பெயரைத்தான் படித்தோம். ஆங்கிலத்தில் 'பொய் கண்டறியும் கருவி' என்கிறார்கள். இரண்டு பெயருமே கருவிக்குத் தகுதியில்லாத பட்டம். வியர்வைமானி என்றால் பொருத்தமாக இருக்கும், ஆனால் அப்படிச் சொன்னால் யாரும் பயப்பட மாட்டார்கள்.

'குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்' என்று நம்மிடம் ஒரு பழமொழி உண்டு. பாலிகிராஃபின் மொத்தக் கோட்பாடும் அந்த மூன்று சொல்தான். பழமொழி சரியாகவே இருக்கட்டும். குறுகுறுக்கிற நெஞ்செல்லாம் குற்றமுள்ளதா என்பதுதான் நம் கேள்வி. பயத்துக்கும் கோபத்துக்கும் அவமானத்துக்கும், 'இந்தக் கேள்வியில்தான் என் வேலை தொங்குகிறது' என்ற நினைப்புக்கும் உடம்பு ஒரே மாதிரிதான் வேர்க்கும். பொய்க்கென்று தனியாக ஒரு வியர்வை கிடையாது.

இது தெரியாமல் அவர்கள் சோதனையை வடிவமைக்கவில்லை. அதற்காகத்தான் ஒப்பீட்டுக் கேள்வி என்று ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். "போதைப்பொருள் விற்றிருக்கிறாயா?" என்பது முக்கியக் கேள்வி. அதற்குப் பக்கத்தில், "உன்னை நம்பிய ஒருவரிடம் எப்போதாவது பொய் சொன்னதுண்டா?" என்று ஒன்றைக் கேட்பார்கள். உலகத்தில் எல்லோரும் சொல்லியிருப்போம். ஆனால் சோதனைக்கு முந்தைய பேச்சிலேயே, பொய் சொல்லும் பழக்கமுள்ளவர்கள் போலீஸ் வேலைக்கு லாயக்கில்லை என்ற தோரணையில் பேசி வைத்திருப்பார்கள். அதனால் நீங்கள் தயங்கித் தயங்கி "இல்லை" என்பீர்கள். அவர்களுக்கு வேண்டியது அந்தத் தயக்கம்தான். நேர்மையானவர் இந்தப் பொதுக் கேள்விக்கு அதிகம் வேர்ப்பார், முக்கியக் கேள்விக்குக் குறைவாக வேர்ப்பார். குற்றம் செய்தவருக்கு அது தலைகீழாக இருக்கும் என்பது கணக்கு. இரண்டு கோட்டையும் ஒப்பிட்டு மதிப்பெண் போடுகிறார்கள். இன்னொரு வகையில், சின்னத் தவறு ஒன்றைக் கேட்டு "இதற்கு வேண்டுமென்றே இல்லை என்று பொய் சொல்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. சோதனை ஒழுங்காக நடக்க வேண்டுமென்றால், நேர்மையான ஆள் ஒப்பீட்டுக் கேள்வியில் கொஞ்சம் பொய் சொல்லியாக வேண்டும், குறைந்தபட்சம் மனம் உறுத்தவாவது வேண்டும். "ஆமாம் சார், அம்மாவிடம் நிறையப் பொய் சொல்லியிருக்கிறேன்" என்று சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்கிறவனுக்கு அந்தக் கேள்வியில் உறுத்தலே வராது. அப்புறம் போதைப்பொருள் கேள்வியில் இதயம் சற்று எகிறினால் போதும், ஒப்பீட்டில் அதுதான் பெரிதாகத் தெரியும். உங்கள் அக்கா மகனுக்கு இதுதான் நடந்தது என்று நான் சொல்ல முடியாது. ஆனால் கஞ்சா என்ற சொல்லைக் கேட்டாலே வீட்டில் பூகம்பம் வரும் குடும்பத்தில் வளர்ந்த பையன், அந்தக் கேள்வியில் அதிகம் வேர்ப்பதற்குப் போதைப்பொருளைத் தொட்டிருக்கத் தேவையில்லை.

குற்ற விசாரணையில் பாலிகிராஃபைப் பயன்படுத்துவதற்கும் வேலைக்கு ஆள் எடுக்கப் பயன்படுத்துவதற்கும் உள்ள தூரத்தையும் இங்கே சொல்ல வேண்டும். "செவ்வாய்க்கிழமை இரவு அந்த மேசையிலிருந்த பணத்தை நீ எடுத்தாயா?" என்று கேட்டால், கேட்பவருக்கும் பதில் சொல்பவருக்கும் எதைப் பற்றிய பேச்சு என்று தெரியும். "இதுவரை பிடிபடாத கடுங்குற்றம் ஏதாவது செய்திருக்கிறாயா?" என்று கேட்டால் மனம் எங்கெங்கோ ஓடும். பதினாறு வயதில் நண்பன் கடையில் எதையோ சுருட்டியபோது பக்கத்தில் நின்றது குற்றமா? அக்கா கணவரின் மாத்திரை ஒன்றை விழுங்கியது போதைப்பொருளில் சேருமா? இப்படி யோசித்துக்கொண்டே "இல்லை" என்று சொல்லும்போது கோடு எகிறத்தான் செய்யும்.

அமெரிக்காவின் தேசிய ஆய்வுக் கழகம் 2003இல் வெளியிட்ட அறிக்கை இந்த வேறுபாட்டைத்தான் அழுத்திச் சொன்னது. குறிப்பிட்ட ஒரு சம்பவத்தைப் பற்றி, ஏமாற்றப் பயிற்சி எடுக்காதவர்களிடம் கேட்டால், பாலிகிராஃப் குருட்டாம்போக்கை விட நன்றாகவே பிரித்துக் காட்டுகிறது. ஆனால் பிழையின்மைக்கு வெகு தூரத்தில் நிற்கிறது. மொத்த ஊழியர்களையும் சலித்தெடுக்கப் பயன்படுத்தினால், அதை நம்பிக்கொள்ளும் அளவுக்குத் துல்லியம் இல்லை. அந்த அறிக்கையில் ஒரு கணக்கு வரும். நான் கல்லூரியில் புள்ளியியல் எடுத்தவன்; வகுப்பில் இதைப் பலமுறை கரும்பலகையில் போட்டிருக்கிறேன். 10,000 பேரில் 10 பேர் ஒற்றர்கள் என்று வையுங்கள். அந்த 10 பேரில் 8 பேரையாவது பிடிக்கும்படி சோதனையை இறுக்கினால், கூடவே ஏறக்குறைய 1,600 அப்பாவிகளும் தேறாமல் போவார்கள். அப்பாவிகளின் எண்ணிக்கையை 40 அளவுக்குக் குறைக்கும்படி தளர்த்தினால், 10 ஒற்றர்களில் 8 பேர் சிரித்துக்கொண்டே வெளியே போய்விடுவார்கள். இத்தனைக்கும் சோதனையின் துல்லியத்தைத் தாராளமாக வைத்துப் போட்ட கணக்கு அது.

"போலீஸ் வேலைக்கு வருகிறவர்களில் ஒற்றர்கள் மாதிரி ஆயிரத்தில் ஒருவரா தப்பு செய்திருப்பார்? நிறையப் பேர் இருப்பார்களே" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். சரி, அவர்களுக்குச் சாதகமாகவே போட்டுப் பார்ப்போம். பாலிகிராஃப் நடத்துபவர்களின் அமெரிக்கச் சங்கமே 2011இல் தொகுத்த மதிப்பீட்டில், பல விஷயங்களை ஒன்றாகக் கேட்கும் சோதனைகளின் துல்லியம் 85 சதவீதத்தைச் சுற்றி வருகிறது. அதை அப்படியே ஒப்புக்கொள்வோம். 1,000 விண்ணப்பதாரர்கள், அதில் 100 பேர் பெரிய விஷயம் ஒன்றை மறைக்கிறார்கள் என்று ஒரு பேச்சுக்கு வைப்போம். 85 பேர் பிடிபடுவார்கள், 15 பேர் தப்புவார்கள். மீதி 900 பேர் உண்மை சொல்கிறவர்கள். அவர்களில் 15 சதவீதம், அதாவது 135 பேர், தேறாமல் போவார்கள். மொத்தம் 220 பேர் தோற்றார்கள், அதில் 135 பேர் நிரபராதிகள். நடத்துபவர்களே சொல்லும் துல்லியத்தில், தோற்றவர்களில் பாதிக்கு மேல் உண்மை பேசியவர்கள்! மாணவர்கள் முதலில் இதை நம்ப மாட்டார்கள். இரண்டாவது முறை போட்டுக் காட்டினால்தான் "அட" என்பார்கள்.

எனக்கு இதைவிடப் பெரிய குறையாகப் படுவது வேறொன்று. தவறு நடந்தால் அது யாருக்கும் தெரியவராது. ரத்தப் பரிசோதனை தப்பாக வந்தால் பின்னால் வேறு சோதனை காட்டிக்கொடுத்துவிடும். காவல் துறை ஒருவனைப் பாலிகிராஃபில் கழித்துவிட்டால் அவன் போய்விடுகிறான். அவன் உண்மை சொன்னானா என்று பிறகு யாரும் பார்ப்பதில்லை, பார்க்கவும் வழியில்லை. சோதனை நடத்தியவர் இருபது வருடம் கழித்து, "நான் கழித்த எவனும் நல்லவன் இல்லை" என்று மனதார நம்பிக்கொண்டு ஓய்வு பெறலாம். அவரை மறுக்கும் ஒரு சான்று கூட அவர் கண்ணில் பட்டிருக்காது.

மறுபக்கம், தேறியவர்களில் தப்பியவர்கள் மட்டும் எப்போதாவது வெளியே வருகிறார்கள். சி.ஐ.ஏ.வில் இருந்துகொண்டே சோவியத்துக்கு உளவு சொன்ன ஆல்ட்ரிச் ஏம்ஸ் 1986இலும் 1991இலும் பாலிகிராஃபில் தேறியவர், 1994இல்தான் பிடிபட்டார். சியாட்டில் பக்கம் 49 பெண்களைக் கொன்றதற்காகத் தண்டிக்கப்பட்ட கேரி ரிட்ஜ்வே 1984இல் பாலிகிராஃபில் தேறினான். அதே வழக்கில் சந்தேகிக்கப்பட்ட வேறொருவர் தேறவில்லை. அவருக்கும் கொலைகளுக்கும் சம்பந்தமே இல்லை. 2001இல் டி.என்.ஏ.தான் ரிட்ஜ்வேயைப் பிடித்துக்கொடுத்தது.

இவ்வளவு ஓட்டை இருந்தும் ஏன் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்? இதற்குப் பதில் நம் ஊர்ப் பாட்டி கதையிலேயே இருக்கிறது. வீட்டில் நகை காணாமல் போகிறது. நீதிபதி வேலைக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே நீளத்தில் ஆளுக்கொரு குச்சி கொடுக்கிறார். "நாளைக் காலையில் கொண்டு வாருங்கள், திருடியவன் குச்சி மட்டும் ஒரு விரற்கடை வளர்ந்திருக்கும்" என்கிறார். திருடன் ராத்திரியோடு ராத்திரியாகத் தன் குச்சியில் ஒரு விரற்கடையை வெட்டிவிடுகிறான். காலையில் குட்டையான குச்சியோடு வந்து நிற்கிறான்.

பாலிகிராஃப் அந்தக் குச்சி. அறைக்குள் போனதும் பட்டையை மாட்டிவிட மாட்டார்கள். முதலில் நீண்ட பேச்சு, சிலசமயம் ஒரு மணி நேரத்துக்கு மேல். "மெஷின் எப்படியும் காட்டிவிடும், இப்போதே சொல்லிவிட்டால் உனக்குத்தான் நல்லது" என்பது அந்தப் பேச்சின் சாரம். பட்டையைக் கழற்றிய பிறகும் ஒரு பேச்சு: "இந்தக் கேள்வியில் ஏதோ இடிக்கிறதே, என்ன ஞாபகம் வந்தது?" இந்த இரண்டு பேச்சிலும் ஆட்கள் கொட்டிவிடுகிறார்கள். விண்ணப்பத்தில் எழுதாத கைது, பழைய கம்பெனியில் எடுத்த பணம், மனைவியை அடித்தது, எல்லாம். அமெரிக்க எல்லைக் காவல் படையில் சேர வந்தவர்கள் கடத்தல்காரர்களுடன் தொடர்பு இருந்ததைக்கூட இந்த நாற்காலியில் ஒப்புக்கொண்டதாக அந்தத் துறை சொல்லியிருக்கிறது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஒரு துப்பாக்கியையும் அதிகாரத்தையும் கையில் கொடுக்கப் போகிற வேலைக்கு அப்படிப்பட்டவர்கள் போகாமல் தடுக்கப்பட்டது நல்லதுதான். பாலிகிராஃபை ஆதரிப்பவர்களின் வலுவான வாதம் இதுதான், அதைக் குறைத்துப் பேசக் கூடாது.

ஆனால் கதையில் திருடாதவனின் குச்சி அப்படியே இருந்தது. யாரும் அவனைப் பார்த்து "உன் குச்சியும் வளர்ந்திருக்கிறது" என்று சொல்லவில்லை. இங்கே சொல்கிறார்கள். ஒப்புக்கொண்டதை வைத்து ஒருவனைக் கழிப்பது ஒன்று. ஒன்றுமே ஒப்புக்கொள்ளாதவனை வெறும் கோட்டை வைத்துக் கழிப்பது முற்றிலும் வேறு. கோடு மட்டுமே முடிவாக இருக்கக் கூடாது என்று பாலிகிராஃப்காரர்களின் வழிகாட்டுதல்களே சொல்கின்றன. நடைமுறையில், 50 இடத்துக்கு 1,000 பேர் வரிசையில் நிற்கும்போது, சந்தேகக் குறி விழுந்தவனுக்காக யார் மறுபடி மெனக்கெடுவார்கள்?

எல்லைக் காவல் படை பற்றிச் சொன்னேன் அல்லவா, அங்கே இது பெரிய அளவில் நடந்தது. 2010இல் வந்த ஊழல் தடுப்புச் சட்டம், அமெரிக்கச் சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறையில் சட்ட அமலாக்கப் பணிக்கு வரும் எல்லோருக்கும் பாலிகிராஃபைக் கட்டாயமாக்கியது. 2017 வாக்கில் வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் அதில் தேறவில்லை என்று செய்தி வந்தது. ராணுவத்தில் இருந்தவர்களும் வேறு காவல் துறைகளில் வேலை பார்த்தவர்களும் அதில் அடக்கம். மூன்றில் இரண்டு பேர் அயோக்கியர்கள் என்று நம்புவதா, சல்லடையில்தான் கோளாறு என்று நம்புவதா? ஆள் கிடைக்காமல் திணறிய அந்தத் துறையே பிறகு வேறு வடிவச் சோதனையை முயன்று பார்த்தது.

சட்டம் இந்தக் கருவியை எப்படிப் பார்க்கிறது என்பது இன்னும் விசித்திரம். பாலிகிராஃப் போலீஸ் வீட்டுப் பிள்ளை. 1921இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரில், ஆகஸ்ட் வோல்மர் தலைமையிலிருந்த காவல் துறையில் ஜான் லார்சன் என்ற போலீஸ்காரர் உருவாக்கியது. உடலியலில் டாக்டர் பட்டம் பெற்ற போலீஸ்காரர் அவர். பின்னாளில் தன் கருவி பயன்படுத்தப்பட்ட விதத்தைப் பார்த்து வெறுத்தும் போனார். அதற்குக் கொஞ்சம் முன்பே ரத்த அழுத்தத்தை வைத்துப் பொய்யைப் பிடிக்கலாம் என்று சொன்ன வில்லியம் மார்ஸ்டனின் சோதனையை 1923இலேயே வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் சாட்சியமாக ஏற்க மறுத்துவிட்டது. (இதே மார்ஸ்டன்தான் பிறகு கட்டினால் உண்மை பேசவைக்கும் கயிறோடு 'வொண்டர் உமன்' என்ற காமிக்ஸ் பாத்திரத்தைப் படைத்தார். நிஜத்தில் கிடைக்காத கருவி காமிக்ஸில் கிடைத்தது.) 1998இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும், பாலிகிராஃப் நம்பகமானது என்பதில் அறிவியலாளர்களிடம் ஒருமித்த கருத்தில்லை என்று சொல்லி, ராணுவ நீதிமன்றங்களில் அதற்கு இருந்த தடையை உறுதி செய்தது. அந்தத் தீர்ப்பில் மாறுபட்ட நீதிபதி ஸ்டீவன்ஸ், அரசாங்கம் தன் காரியங்களுக்கு மட்டும் இதே கருவியை நம்பிப் பயன்படுத்துவதைச் சுட்டிக்காட்டினார்.

1988இல் அமெரிக்க நாடாளுமன்றம் பெரும்பாலான தனியார் முதலாளிகள் ஊழியர்களுக்கும் விண்ணப்பதாரர்களுக்கும் பாலிகிராஃப் வைக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. மளிகைக் கடையில் கல்லாவுக்கு ஆள் எடுக்கக்கூட இதை நம்ப முடியாது என்பதுதான் அதன் பொருள். அதே சட்டத்தில் மத்திய, மாநில, நகர அரசுகளுக்கு விலக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்த ஓட்டை வழியாகத்தான் உங்கள் பையன் அந்த நாற்காலிக்குப் போனான். கலிஃபோர்னியாவில் கூடுதலாக ஒன்று: பணியில் இருக்கும் போலீஸ்காரரைப் பாலிகிராஃபுக்கு உட்காரும்படி கட்டாயப்படுத்த முடியாது, மாநிலச் சட்டமே பாதுகாக்கிறது. வேலை கிடைக்கும் வரைதான் நாற்காலி. கிடைத்த பிறகு வேண்டாம் என்று சொல்லலாம்.

எஃப்.பி.ஐ. ஆய்வகத்தில் இருந்த ட்ரூ ரிச்சர்ட்சன் என்ற விஞ்ஞானி 1997இல் செனட் குழுவின் முன்னால், ஆட்களைச் சலித்தெடுக்கும் பாலிகிராஃபுக்குக் கோட்பாட்டு அடித்தளமே இல்லை என்று சாட்சியம் சொன்னார். வெளியாள் யாரோ சொன்னதில்லை, உள்ளே இருந்தவர்.

பாலிகிராஃப் இல்லாமல் நல்ல போலீஸ்காரர்களை எடுக்கவே முடியாது என்று யாராவது சொன்னால் கனடாவின் ஒன்டாரியோவைக் காட்டலாம். டொரோன்டோவில் நம்மவர்கள் ஏராளமாக இருக்கும் மாகாணம். அங்கே வேலைவாய்ப்புச் சட்டம் விண்ணப்பதாரர்களுக்குப் பொய் கண்டறியும் சோதனை வைப்பதைத் தடை செய்கிறது. போலீஸ் வேலைக்கு விண்ணப்பிப்பவர்களும் அந்தத் தடைக்குள் வருகிறார்கள் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. அக்கம்பக்கத்தில் விசாரிப்பது, பழைய முதலாளியிடம் பேசுவது, கடன் வரலாற்றைப் பார்ப்பது, மனநல மதிப்பீடு என்று கால் தேய நடக்கும் வேலைகளை வைத்து ஆள் எடுக்கிறார்கள். இந்தியாவில் இது வேலைக்கான பிரச்சினையாக வரவில்லை, வழக்கு விசாரணையில் வந்தது. 2010இல் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம், சம்மதமில்லாமல் யாருக்கும் பாலிகிராஃப், நார்கோ சோதனைகள் செய்யக் கூடாது என்று தீர்ப்பளித்தது.

இனி உங்கள் அக்கா மகன் என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன்.

இணையத்தில் தேடினால், பாலிகிராஃபை ஏமாற்ற வழி சொல்லித்தருகிறேன் என்று பலர் கிடைப்பார்கள். நாக்கைக் கடி, மனக்கணக்குப் போடு என்பார்கள். 1994இல் வந்த ஓர் ஆய்வில், அரை மணி நேரத்துக்கும் குறைவான பயிற்சியிலேயே பாதிப் பேர் சோதனையை ஏமாற்றிவிட்டார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் வேண்டாம். பிடிபட்டால் அதுவே ஏமாற்று வேலையாக எழுதப்படும், அதற்குப் பிறகு எந்தக் காவல் துறையும் அவனைத் தொடாது. சொல்லித்தருவதே ஆபத்தாக முடிந்திருக்கிறது. ஓக்லஹோமா நகரக் காவல் துறையில் பாலிகிராஃப் நடத்திவிட்டு வெளியே வந்து அதை ஏமாற்றப் பயிற்சி கொடுத்த டக் வில்லியம்ஸ், அரசு வேலைச் சோதனையில் பொய் சொல்லப் போவதாகச் சொன்னவர்களுக்கும் பயிற்சி கொடுத்ததற்காக 2015இல் இரண்டு வருடச் சிறைத்தண்டனை பெற்றார்.

சோதனை முடிந்த பிறகு நடந்த பேச்சில் பையன் என்ன சொன்னான் என்று பொறுமையாகக் கேளுங்கள். "ஏதாவது ஞாபகம் வருகிறதா" என்று துருவும்போது, எதையாவது சொல்லித் தப்பிக்கலாம் என்று "ஒரு தடவை பார்ட்டியில் பக்கத்தில் புகைத்தார்கள்" என்ற மாதிரி எதையாவது உளறியிருந்தால், கழித்ததற்குக் காரணம் கோடு இல்லை, அந்த உளறல்தான். விண்ணப்பத்தில் எழுதியதும் வாயால் சொன்னதும் வேறாகிவிடுகிறது அல்லவா. எதுவும் சொல்லவில்லை என்றால், மேல்முறையீடு உண்டா, வேறு ஆளை வைத்து மறுசோதனை உண்டா என்று எழுத்தில் கேட்கலாம். நகரத்துக்கு நகரம் விதி மாறும், காலக்கெடுவும் குறுகியதாக இருக்கும், ஆகவே இந்த வாரமே கேட்கச் சொல்லுங்கள்.

எல்லாக் காவல் துறைகளும் பாலிகிராஃப் வைப்பதில்லை. வேறு இடத்தில் விண்ணப்பிக்கும்போது, "வேறு எங்காவது பாலிகிராஃப் எடுத்தாயா, முடிவு என்ன?" என்று பெரும்பாலும் கேட்பார்கள். அங்கே மறைக்கக் கூடாது. எந்தத் தேதியில், எங்கே, எந்தக் கேள்வியில் என்று உள்ளபடி எழுதிவிட்டு, அந்தக் கேள்விக்குத் தன் பதிலை முன்பு சொன்ன அதே சொற்களில் எழுதட்டும். பின்னணி விசாரிக்கும் அதிகாரி இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் படிப்பார்.